எண்ணெய் பங்களாவில் இடது கை

அந்த இடத்துக்கு வருகிறவர்கள் நன்றாக அழுவார்கள். அழுவதற்கென்றே வருகிறவர்களும் உண்டு. தைலம் தேய்க்கும்போது அழுவார்கள். ஆற்றைப் பார்த்து உட்கார்ந்து அழுவார்கள். ஊருக்குக் கிளம்பும் நாளில் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுவார்கள். அழுது முடித்ததும் முகம் கழுவவும் காலை ஊறவைக்கவும் வெந்நீர் வேண்டும். அந்த வெந்நீரைக் காய்ச்சுவதுதான் என் வேலை.

அங்கே அழுவதற்கு உண்மையான காரணம் இருந்த ஒரே ஆள் என் மனைவி. அவள் அழவில்லை. தோளில் கிடந்த துண்டைக் கடித்துக்கொண்டு வேலையை முடித்துவிட்டு வந்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. யாரிடமாவது சொல்லித் தீர்த்துக்கொள்ளலாம் என்றால் நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. அதனால் எழுதுகிறேன்.

கொள்ளிடத்துக்கு வடகரையில், டோல்கேட்டிலிருந்து கரையோரமாகப் போகும் சாலையில் இருக்கிறது அந்த இடம். முன்பு தென்னந்தோப்பு. இப்போது மரத்துக்கு மரம் நடுவே, தைலமும் தியானமும் தேடி வருகிறவர்கள் தங்க ஓலை வேய்ந்த குடில்கள். ஓலைக்கு உள்ளே ஏசி. வாசல் பலகையில் ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் எழுதியிருக்கும். மினி பஸ் கண்டக்டருக்கு அதெல்லாம் வாயில் நுழையாது. "எண்ணெய் பங்களா எறங்குறவங்க முன்னால வாங்க" என்பார். நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். அங்கே ஒரு வாரம் தங்கக் கொடுக்கும் பணத்தில் திருவானைக்காவலில் எங்கள் தெருவில் ஒரு வீட்டை ஒத்திக்கு எடுக்கலாம் என்று வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

துவாக்குடியில் நான் வேலை பார்த்த வெல்டிங் பட்டறையை மூடிவிட்டார்கள். என் மனைவி அதே பக்கத்தில் காலேஜ் பையன்கள் சாப்பிடும் ஒரு மெஸ்ஸில் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். எண்ணெய் பங்களாவில் பெண்கள் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனாள். அங்கே அவள் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்து, அமுக்கிப் பார்த்து, அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்களாம். "மாட்டுச் சந்தையில பல்லைப் பாக்குற மாதிரி பாத்தாங்கங்க" என்று வீட்டுக்கு வந்து சிரித்தாள். சில வாரம் பழக்கினார்கள். பிறகு வெள்ளைச் சுடிதார் கொடுத்து தெரபிஸ்ட் என்று சொன்னார்கள். அவள் சொல்லித்தான் வெந்நீர் அடுப்பு வேலை எனக்குக் கிடைத்தது.

அடுப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கரண்டில் சுடவைத்த தண்ணீர் ஆகாது, விறகில் காய்ந்த தண்ணீர்தான் உடம்புக்கு நல்லது என்று விருந்தாளிகளிடம் சொல்லியிருந்தார்கள். சரி, விறகு வைத்தேன். புகை வந்தது. விறகு வைத்தால் புகை வரத்தானே செய்யும்? குடில்களில் இருந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. உடனே ஆள் வைத்துப் புகைபோக்கியைத் திருப்பினார்கள். வேலைக்காரர்கள் உட்கார்ந்து சாப்பிடும் கொட்டகைப் பக்கம் திருப்பினார்கள். விறகின் நன்மை அவர்களுக்கு, புகை எங்களுக்கு.

எங்கள் தெருவில் என் மனைவிக்கு எஃப்.எம். என்று பெயர். விடிந்தால் பேச ஆரம்பிப்பாள். குழாயடியில், ரேஷன் கடையில், பஸ்ஸில், யாராக இருந்தாலும் அவளுக்குப் பேச ஏதாவது இருக்கும். நான் அதற்கு நேர் எதிர். எங்கள் கல்யாணத்தன்று என் மாமனாரே, "மாப்பிள்ளைக்குப் பேச்சு வரும்தானே?" என்று யாரிடமோ கேட்டது என் காதில் விழுந்தது. இத்தனை வருஷமும் என் பங்குக்கும் சேர்த்து அவள்தான் பேசினாள்.

அப்படிப்பட்டவளை மௌனத்தில் கொண்டுபோய்ப் போட்டார்கள். காலையிலிருந்து மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை அங்கே மௌன வேளை. விருந்தாளிகள் மட்டுமல்ல, நாங்களும் வாய் திறக்கக் கூடாது. அவர்கள் மௌனம் காசு கொடுத்து வாங்கியது. எங்கள் மௌனம் வேலையில் சேர்ந்தது. குரல் கேட்டால், யார் குரல் என்று விசாரிக்க மாட்டார்கள். அன்றைக்கு டிப்ஸ் பெட்டியில் விழுவது எங்களில் ஒருவருக்கும் கிடையாது. இதனால் நாங்களே ஒருவரை ஒருவர் காவல் காத்தோம். யாருக்காவது தும்மல் வந்தால்கூட மற்றவர்கள் முறைப்பார்கள்.

என் மனைவி சும்மா இருப்பாளா? கையாலேயே பேசக் கற்றுக்கொண்டாள். அடுப்படிக்கு வாளி எடுக்க வரும்போது சாப்பிட்டீர்களா என்று கேட்பாள், மாத்திரை போட்டீர்களா என்று கேட்பாள், மேற்பார்வை பார்க்கும் தம்பியின் நடையை இரண்டு விரலால் நடந்து காட்டுவாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. மணி அடித்ததும் கொட்டகைக்கு வந்து உட்கார்ந்து, "அப்பாடா" என்று ஆரம்பிப்பாள். சாயங்காலம் மினி பஸ்ஸில் ஏறினால், "ஏங்க, வாயெல்லாம் துரு பிடிச்ச மாதிரி இருக்குங்க. நான் கொஞ்சம் பேசிக்கறேன், நீங்க உம் மட்டும் கொட்டுங்க" என்பாள். கொள்ளிடம் பாலம் முழுக்க உம் கொட்டிக்கொண்டே வருவேன்.

தைலம் தேய்க்கும் அறைகளில் கருங்கல் தரை. வழவழவென்று இழைத்த கல். நாள் முழுவதும் அதில் எண்ணெய் சொட்டும். கட்டிலைச் சுற்றி ஒரு ரப்பர் பாய் போட்டுக் கொடுங்கள் என்று பெண்கள் எல்லோரும் கேட்டார்கள். என் மனைவிதான் அவர்கள் சார்பாகப் போய்ப் பேசினாள். மேனேஜர் மேடம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அக்கா, ரப்பர் போட்டா ரூமோட லுக்கே போயிடும். கெஸ்ட்டுக்கு அந்தக் கல்லோட ஃபீல் வேணும். நீங்க பாதத்தை உணர்ந்து நடங்க. அதுவே ஒரு தியானம்தான்" என்றாராம்.

மேடம் சின்ன வயதுக்காரர். மிகவும் மெதுவாகப் பேசுவார். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. கோபமே வராத ஒருவரிடம் நியாயம் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

அது நடந்த அன்றைக்கு என் மனைவியிடம் வந்திருந்தவர் சென்னையிலிருந்து வந்த ஓர் அம்மா. பெரிய கம்பெனியில் பெரிய உத்தியோகம் என்று சொன்னார்கள். கழுத்து வலி, தூக்கம் இல்லை, ஆறு மாதமாகக் கண்ணில் தண்ணீரே வரவில்லை என்று குறையாம். ஆமாம், அழ முடியவில்லை என்பதும் அங்கே ஒரு குறைதான், அதற்கும் தைலம் உண்டு. அந்த அம்மா கண் மேல் பன்னீரில் நனைத்த துணியைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். என் மனைவி கட்டிலின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் சுற்றி வரும்போது கால் வழுக்கியது. வலது கையை ஊன்றி விழுந்தாள். உள்ளே ஏதோ முருங்கைக்காய் ஒடிகிற மாதிரி சத்தம் கேட்டது என்று பிறகு சொன்னாள்.

அவள் கத்தவில்லை. கத்தினால் அன்றைக்கு மற்றப் பெண்களின் காசு போகும். கீழே உட்கார்ந்தபடியே துண்டைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்திருக்கிறாள். கட்டிலில் இருந்தவர் அசையவில்லை. சிகிச்சை பாதியில் நின்றால் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும், அதுவும் பழியாக வரும். எழுந்தாள். வலது மணிக்கட்டு கரண்டிக் காம்பு வளைந்த மாதிரி இருந்ததாம். அதை மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டு, மீதி நேரம் முழுவதும் இடது கையால் தேய்த்தாள். இடது கையில் பலம் கிடையாது. வலியில் அது நடுங்கவும் செய்தது. அழுத்த முடியாமல் தடவத்தான் முடிந்தது. அப்போதுதான் அந்த அம்மாவின் கண்ணை மூடியிருந்த துணிக்குக் கீழிருந்து தண்ணீர் வழிந்தது.

வேலையை முடித்துவிட்டு என் மனைவி அடுப்படிக்கு வந்தாள். மணிக்கட்டைக் காட்டினாள். முகமெல்லாம் வேர்த்து, உதடு வெளுத்திருந்தது. விரலை வழுக்கிக் காட்டி, தரையைக் காட்டி, கையைக் காட்டினாள். நான் அவளைக் கூட்டிக்கொண்டு மேற்பார்வைத் தம்பியிடம் போனேன். லால்குடிப் பக்கத்துப் பையன், எங்களை மாதிரி வீட்டிலிருந்து வந்தவன். கையைப் பார்த்து அவனும் பதறினான். ஆனால் உடனே விரலை உதட்டில் வைத்தான். பிறகு ஆற்றுப் பக்கம் மண்டபத்தைக் காட்டினான். விருந்தாளிகள் வரிசையாகக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். மணி தொங்கிய இடத்தைக் காட்டி, கையைத் தாழ்த்தி, பொறுங்கள் என்றான்.

மணி அடிக்கும்வரை மூன்று பேரும் ஒரு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். என் கண் முன்னால் அவள் கை வீங்கிக்கொண்டே போனது. குருவி கத்தியது, பம்ப் செட் ஓடியது, டோல்கேட் பக்கம் லாரி ஹாரன் அடித்தது. இத்தனைக்கும் அங்கே அனுமதி உண்டு. உடைந்த கைக்குத்தான் சத்தம் போட அனுமதி இல்லை.

மணி அடித்த பிறகு அங்கிருந்த டாக்டர் வந்து பார்த்தார். எல்லோரும் டாக்டர் என்று கூப்பிட்டார்கள். டாக்டர்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "சுளுக்குதாம்மா" என்று சொல்லி ஏதோ பச்சிலையை அரைத்துப் பத்துப் போட்டு, வெள்ளைத் துணியில் அழகாகக் கட்டினார். கட்டு மட்டும் அவ்வளவு அழகாக இருந்தது. இரண்டு நாளில் வடிந்துவிடும் என்றார்.

பஸ்ஸில் அவள் கையைப் பற்றிப் பேசவில்லை. வேறு ஒன்றைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

"இடது கையால தொட்டுட்டேங்க. நெத்தி, கன்னமெல்லாம் தொட்டுட்டேன்."

"வேற என்ன பண்ணுவே?" என்றேன்.

"இருந்தாலும் ஒரு மனுசிய அப்படித் தொடலாமா? தெரிஞ்சா அந்தம்மா மனசு என்ன பாடுபடும்? வீட்டுக்கு வந்தவங்களுக்கு ஒரு சொம்புத் தண்ணிகூட இடது கையால கொடுத்ததில்லையே நான்."

எனக்கு அப்போதே கோபம் வந்தது. உன் கையைப் பார், அவள் நெற்றியைப் பற்றி ஏன் கவலைப்படுகிறாய் என்று சொல்ல நினைத்தேன். உம் மட்டும்தான் கொட்டினேன்.

மறுநாள் பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம் என்றுதான் முடிவு செய்திருந்தோம். லீவு சொல்ல போன் செய்தால் மேடமே எடுத்தார். "அக்கா, இன்னிக்கு மட்டும் கட்டாயம் வாங்க. உங்களுக்கு ஒரு நல்ல செய்தி இருக்கு" என்றார். போனோம்.

சென்னை அம்மா ராத்திரி பூராவும் தூங்கியிருக்கிறார். ஆறு மாதத்துக்குப் பிறகு அழுதிருக்கிறார். அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி இன்டர்நெட்டில் போட்டிருக்கிறார். தூக்கக் கலக்கத்தில் ஒரு தாய் பிள்ளையைத் தடவுகிற மாதிரி இருந்தது, அந்தக் கை எதையும் என்னிடம் கேட்கவில்லை என்றெல்லாம் எழுதியிருந்ததை மேடம் தமிழில் சொல்லிக் காட்டினார். மீதி நாள் முழுவதும் அவருக்கு இவள்தான் வேண்டுமாம்.

"அப்படி என்னக்கா பண்ணீங்க? எல்லாருக்கும் சொல்லிக் கொடுங்க" என்றார் மேடம்.

என் மனைவிக்கு அழுகை வந்துவிடும் போல் இருந்தது. பொய் சொல்ல அவளுக்குத் தெரியாது. "மேடம், தப்பு நடந்துபோச்சு. விழுந்ததுல வலது கை வரல. இடது கையால தேச்சுட்டேன். அந்தம்மாகிட்ட நான் வேணா மன்னிப்புக் கேட்டுக்கறேன்" என்றாள்.

திட்டப்போகிறார் என்று நான் நினைத்தேன். மேடம் இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "லெஃப்ட் ஹாண்டா?" என்றார். முகம் மலர்ந்துவிட்டது. "அதான்! அதான் விஷயம். இடது பக்கம் சந்திர நாடி, அம்மாவோட பக்கம். இதயமும் அந்தப் பக்கம்தான். நமக்கு ஏன் இது தோணல?"

விழுந்ததில் என்று அவள் சொன்னாளே, அந்தச் சொல் அவர் காதில் ஏறவே இல்லை. அல்லது ஏறி, அது அவருக்கு வேண்டாத சொல்லாக இருந்தது.

அன்று மாலைக்குள் அதற்கு ஒரு பெயர் வைத்தாகிவிட்டது. வாம ஸ்பரிசம், அதாவது இடது கைத் தொடுதல். பெண்களையெல்லாம் கூப்பிட்டு என் மனைவியை நடுவில் நிறுத்தி எப்படித் தடவினாள் என்று செய்துகாட்டச் சொன்னார்கள். கட்டுப் போட்ட வலது கையை ஒரு பட்டு சால்வைக்குள் மறைத்துக் கட்டிவிட்டார்கள். அதைப் பார்த்தால் ஏதோ விரதத்துக்காகக் கட்டியது போல இருந்தது. மற்றப் பெண்களும் வலது கையை இடுப்புக்குப் பின்னால் வைத்துக்கொண்டு பழகினார்கள்.

பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்த, எங்களோடு வேலை பார்க்கும் பெண் கேட்டாள்: "என்னக்கா பேரு அது? மாமா பரிசமா?"

"ஆமாண்டி, மாமா பரிசம் போட வர்றாரு. தாம்பாளத்தை இடது கையால வாங்கிக்கோ" என்றாள் என் மனைவி.

பஸ்ஸே சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரிக்கும்போது பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கியது. அவள் சிரிப்பு அப்படியே நின்று, கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். "ஊருல இடது கையால எதையாவது நீட்டினா மொறைப்பாங்க. இங்க அதையே வித்துட்டாங்க பாருங்க" என்று மெதுவாகச் சொன்னாள்.

அந்த வாரம் முழுக்க அவளை விடவில்லை. இன்று ஒரு நாள், அந்த அம்மா கிளம்பும்வரை, என்று தினமும் ஒரு சாக்கு. "இடது கையைத்தானேக்கா பயன்படுத்தறீங்க? வலது கைக்கு ரெஸ்ட்தானே?" என்று மேடம் சிரித்த முகத்தோடு கேட்டார். அந்த ரெஸ்ட்டில் விரல் நுனிகள் மரத்துப்போக ஆரம்பித்தன. கடைசியில் ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தவள் சோற்றைப் பிசைய முடியாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைக் கேட்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு, பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

எக்ஸ்ரேவை விளக்கு முன்னால் பிடித்துப் பார்த்த டாக்டர் பெண், "இத்தனை நாளா என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" என்று சத்தம் போட்டார். எலும்பு உடைந்திருந்தது. உடைந்தது விலகி, கோணலாகக் கூட ஆரம்பித்திருந்தது. ஆபரேஷன் செய்து பிளேட் வைக்க வேண்டும், சீக்கிரம் செய்தால் கை பழையபடி திரும்பும், தள்ளிப்போனால் உத்தரவாதம் இல்லை என்றார். ஆனால் அங்கே ஏற்கெனவே பெரிய வரிசை. பஸ்ஸில் அடிபட்டவர்கள், கம்பெனியில் அடிபட்டவர்கள், மாடியிலிருந்து விழுந்தவர்கள். "தினமும் வந்து பாருங்க. எடம் கெடச்சா உடனே எடுத்துக்கறோம். வெளியில பண்ண முடிஞ்சா பண்ணிக்கோங்க" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் சாப்பிடக்கூட நேரம் இல்லாமல் நின்றுகொண்டிருந்தார்.

வெளியே செய்ய எங்களிடம் வழி இல்லை. வேலை செய்த இடத்தில் விழுந்த கை. அவர்கள்தானே பார்க்க வேண்டும்? அதைக் கேட்கத்தான் மறுநாள் போனோம். பேச வேண்டியவள் என் மனைவி. வழக்கம் போல நான் பக்கத்தில் நின்றேன்.

மேடம் தன் அறைக் கதவைச் சாத்திவிட்டு எக்ஸ்ரேவை வாங்கிப் பார்த்தார். வருத்தப்பட்டார். அவர் வருத்தம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். பிறகு சொன்னார்:

"அக்கா, நீங்க இங்கதான் விழுந்தீங்கன்னு எப்படிச் சொல்றது? அன்னிக்கு அந்த நேரத்துல யாருக்கும் எந்தச் சத்தமும் கேக்கலையே. இவ்ளோ பெரிய அடின்னா ஒருத்தர் கத்தாம இருப்பாங்களா? பக்கத்து ரூம்ல எல்லாம் ஆள் இருந்தாங்க. நான் எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன்."

"மௌன வேளை மேடம்" என்றாள் என் மனைவி.

"அது சரி. ஆனா அடிபட்டா தானா சத்தம் வரும்ல?"

என் மனைவி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கள் தெரு எஃப்.எம்.முக்கு முதல் தடவையாகப் பேச ஒன்றும் இல்லை. கத்தக் கூடாது என்றார்கள். கத்தவில்லை. கத்தாததால் விழவே இல்லை என்கிறார்கள். "அந்தச் சென்னை அம்மா இருந்தாங்களே" என்று மட்டும் சொன்னேன். மேடம் என் பக்கம் திரும்பினார். நான் பேசுவேன் என்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்திருக்கும். "கெஸ்ட்டை இதுல இழுக்க வேணாம்ண்ணே. அவங்க இன்னிக்குக் கிளம்பறாங்க. ரொம்ப சென்சிட்டிவான நிலையில இருக்காங்க" என்றார்.

இவள் கை எந்த நிலையில் இருக்கிறது?

மண்டபத்தில் மௌன வேளை நடந்துகொண்டிருந்தது. விருந்தாளிகளின் கால்களை ஊறவைக்கப் பித்தளைத் தாம்பாளங்களில் வெந்நீர் ஊற்றுவது என் வேலை. நான் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். யாரும் தடுக்கவில்லை. சென்னை அம்மா ஆற்றைப் பார்த்த வரிசையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் வாளியை வைத்துவிட்டு நின்றேன். திரும்பிப் போய்விடலாம் என்றுதான் கால் சொன்னது. வாசலில் என் மனைவி சால்வைக்குள் கையை வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன்.

"அம்மா" என்றேன். "நீங்க வந்த மொத நாள் எங்க வீட்டுக்காரி உங்களுக்கு எண்ணெய் தேச்சப்ப கீழ விழுந்தா. கை ஒடிஞ்சிடுச்சு. உங்களுக்குச் சத்தம் கேட்டுச்சா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

எனக்கு மெதுவாகப் பேசவும் வராது என்று அப்போது தெரிந்தது. மண்டபம் முழுக்க எதிரொலித்தது. சிலர் கண்ணைத் திறந்தார்கள். சிலர் இன்னும் இறுக்க மூடிக்கொண்டார்கள். அவர்களை நான் மறக்க மாட்டேன்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். பிறகு, "கேட்டது" என்றார். "ஏதோ விழுந்த மாதிரி கேட்டது. எந்தச் சத்தம் வந்தாலும் அதுபாட்டுக்குக் கடந்து போகட்டும், மூச்சை மட்டும் கவனிங்கன்னு சொல்லியிருந்தாங்க. நான் மூச்சைக் கவனிச்சுட்டு இருந்தேன்."

சொல்லி முடிக்கும் முன்னே முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார். தோள் குலுங்கியது. மேடம் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டார். இன்னொரு பெண் தண்ணீர் கொண்டுவந்தாள். மேற்பார்வைத் தம்பி விசிறி எடுத்துவரப் போனான். அவருக்கு மூன்று பேர். வாசலில் உடைந்த கையோடு நின்றவள் பக்கம் ஒருத்தரும் போகவில்லை.

அழுது முடித்து அந்த அம்மா என் மனைவியிடம் வந்தார். சால்வையைத் தொட்டு, "உங்களை என் வாழ்க்கையில மறக்க மாட்டேன்" என்றார். இன்னும் கொஞ்சம் அழுதார். ஏர்போர்ட்டுக்குக் கார் வந்து நின்றது. ஏறிப் போய்விட்டார். அவர் கெட்டவர் இல்லை என்று என் மனைவி இன்றும் சொல்கிறாள். இருக்கலாம். வந்த காரியம் அவருக்கு நன்றாகவே முடிந்தது. இரண்டு தடவை அழுதுவிட்டார்.

கார் போன பிறகு மேடத்திடம் கேட்டேன். "அவங்களே சொல்லிட்டாங்களே மேடம்?"

"ஏதோ விழுந்ததுன்னுதானே சொன்னாங்க. அது எண்ணெய்க் கிண்ணமாக்கூட இருக்கலாம்ண்ணே" என்றார். அதே மெதுவான குரல். பிறகு மௌனத்தை உடைத்ததற்காக என்னை வேலையிலிருந்து நிறுத்துவதாகச் சொன்னார். என் மனைவியைக் கை சரியானதும் வரச் சொன்னார். இடது கை மட்டும் இருந்தால்கூடப் போதுமாம். அவள் சால்வையை அவிழ்த்து மடித்து மேஜை மேல் வைத்தாள். இடது கையால்தான் வைத்தாள்.

பெரியாஸ்பத்திரியில் எங்கள் முறை வர நாளாயிற்று. வந்தபோது நன்றாகவே செய்தார்கள். மாவுக்கட்டைப் பிரித்த அன்று டாக்டர் பெண் அவள் கையைப் பிடித்து மேலும் கீழுமாகத் திருப்பிப் பார்த்தார். குப்புறப் போட்டால் சரியாக இருந்தது. மல்லாத்தினால் பாதியில் நின்றது. "அன்னைக்கே வந்திருந்தா" என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். பயிற்சி செய்யச் சொன்னார். செய்கிறாள். வலது உள்ளங்கை வானத்தைப் பார்க்காது. சுவரைப் பார்க்கும், அவ்வளவுதான்.

வாம ஸ்பரிசம் நன்றாகப் போகிறது என்று அந்த மினி பஸ் பெண் சொன்னாள். தனியாகப் பதிவு செய்ய வேண்டுமாம், காத்திருக்க வேண்டுமாம். ரப்பர் பாய் போட்டார்களா என்று கேட்டேன். இல்லை என்றாள்.

சென்ற வெள்ளிக்கிழமை ஸ்ரீரங்கம் போயிருந்தோம். தாயார் சன்னிதியில் கூட்டம். தீர்த்தம் கொடுக்கிற இடத்தில் என் மனைவி கையை நீட்டினாள். உள்ளங்கை பக்கவாட்டில் நின்றது. அர்ச்சகர் உத்தரணிக் கரண்டியோடு காத்திருந்தார்.

"கையை நன்னா ஏந்திக்கோங்கோ" என்றார்.

"இவ்வளவுதாங்க சாமி திரும்பும்."

ஊற்றினார். நிற்காமல் வழிந்து போனது. மறுபடி ஒரு உத்தரணி எடுத்தார். பின்னால் வரிசை நெருக்கியது. ஓர் ஆள், "ஏம்மா, வரலேன்னா இடது கையையாவது நீட்டி வாங்கிட்டு நகரும்மா" என்று எரிச்சலோடு சொன்னார்.

என் மனைவி திரும்பினாள். "இடது கையா? அதுக்குத் தனி ரேட்டுங்க" என்றாள்.

யாருக்கும் புரியவில்லை. அந்த ஆள் இவளுக்குப் புத்தி சரியில்லை என்பது போல என்னைப் பார்த்தார். நான் அவரைத் திருப்பிப் பார்த்தேன். அவர்தான் கண்ணை எடுத்துக்கொண்டார்.

அவள் தோளை இறக்கி, இடுப்பை வளைத்து, உடம்பு முழுவதையும் ஒரு பக்கமாகச் சாய்த்தாள். கீழே விழப்போகிறவள் மாதிரி இருந்தது. அப்படிச் சாய்ந்த பிறகுதான் உள்ளங்கை மேலே பார்த்தது. அர்ச்சகர் பொறுமையாகத் தீர்த்தத்தை விட்டார். பாதியைக் குடித்தாள். மீதி முழங்கை வழியாக இறங்கிக் கல்தரையில் சொட்டியது.

நான் தோளில் இருந்த துண்டை எடுத்து, குனிந்து, அந்த இடத்தைத் துடைத்தேன். பின்னால் பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள்.